மிஸிக்குப் படிக்கிற பிள்ளை "டென்சன்" என்று சொன்னால்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் ரயில் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சக்கரம் வைத்த பை ஒன்று, வெள்ளைச் சப்பாத்து போட்ட பிளாஸ்டிக் பை ஒன்று, அம்மா மைலோ டின்னில் அடைத்துக் கொடுத்த நெத்திலிச் சம்பல் ஒன்று என்று தூக்கிக்கொண்டு நாலைந்து பெண்பிள்ளைகள் நிற்பார்கள். ஈப்போ பக்கம் தாதியர் கல்லூரியில் படிக்கிறவர்கள், ஹாஸ்டலுக்குத் திரும்புகிறார்கள். "எப்படிம்மா போவுது படிப்பு?" என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான். "டென்சன் ஆண்டி."

நான் 26 வருடம் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தோட்டத்து லயத்திலிருந்து தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஆனால் "மிஸி வீடு" (மிஸி என்றால் எங்கள் பக்கத்தில் தாதி) என்றால் இன்னும் எங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள். அதனால் மிஸிக்குப் படிக்கிற பிள்ளைகள் மருந்துக் கணக்குப் புரியவில்லை, கேஸ் ஸ்டடி எழுதத் தெரியவில்லை என்று லாக் புக்கை (வார்டில் செய்த பயிற்சியைக் குறித்து வைக்கிற புத்தகம்) தூக்கிக்கொண்டு வருவார்கள். கணக்கு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளை எழுந்து போகாது. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்போதுதான் விஷயம் வேறு என்று தெரியும்.

காய்ச்சல் என்று ஒருவர் வந்தால் வார்டில் என்ன செய்வோம்? பனடோல் கொடுத்து அனுப்பிவிடுவோமா? எத்தனை நாளாக, நடுக்கம் உண்டா, சிறுநீர் எரிகிறதா, ஆற்றில் குளித்தாயா, பிளேட்லெட் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்போம். டிங்கியும் காய்ச்சல்தான், எலிக்காய்ச்சலும் காய்ச்சல்தான், மழையில் நனைந்து வந்ததும் காய்ச்சல்தான், வைத்தியம் மட்டும் ஒன்றில்லை. "டென்சன்" என்ற சொல்லும் அப்படித்தான். அது ஓர் அறிகுறி. அதைச் சொல்கிற பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், ஒன்றுமில்லாததற்குப் பயப்படவும் மாட்டோம், பயப்பட வேண்டியதை "தூங்கினா சரியாப்போவும்" என்று விட்டுவிடவும் மாட்டோம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

நம் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. பத்திரிகையில் "மன அழுத்தம்" என்று போட்டிருந்தால் ஓர் இடத்தில் அது ஸ்ட்ரெஸ், இன்னோர் இடத்தில் டிப்ரெஷன். மலாயில் தெக்கானான் (ஸ்ட்ரெஸ்) வேறு, கெமுருங்கான் (டிப்ரெஷன்) வேறு என்று கிளினிக் சுவரொட்டியிலேயே பிரித்து எழுதியிருப்பார்கள். நாம் இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிட்டோம். இங்கே நான் ஸ்ட்ரெஸ்ஸை மன அழுத்தம் என்றும், டிப்ரெஷனை மனச்சோர்வு என்றும் எழுதுகிறேன்.

மன அழுத்தத்துக்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் போனால் அதுவும் போகும். ஓஸ்கி என்ற செய்முறைப் பரீட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் ஒவ்வொரு மேசையாக ஓட வேண்டும், ஒரு மேசையில் பொம்மைக்கு டியூப் போட வேண்டும், அடுத்ததில் டிரெசிங், அதற்கடுத்ததில் நடிக்கிற நோயாளியிடம் பேச வேண்டும், பக்கத்தில் ஒருவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பார். அதற்கு முதல் நாள் ராத்திரி தூக்கம் வராது, வயிறு கலக்கும். பரீட்சை முடிந்ததும் மொத்த ஹாஸ்டலும் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து வெளுத்துக் கட்டும். அது போதும், அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் அழுத்தம் இல்லாமல் யாரும் மருந்துக் கணக்கை ஒழுங்காகப் போடப் போவதும் இல்லை.

பதற்றம் அடுத்தது. பரீட்சை முடிந்துபோனது, ஆனால் உடம்பு இன்னும் பரீட்சை அறையிலேயே நிற்கிறது. வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்தாலே வயிறு பிசைகிறது. மருந்து கொடுத்துவிட்டு ஹாஸ்டலுக்கு வந்த பிறகும் "ஐந்து மில்லியா, பாயிண்ட் ஐந்தா" என்று மூளை திரும்பத் திரும்பக் கேட்கிறது. சில பிள்ளைகளுக்குத் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கை மரத்து, செத்துப்போய்விடுவோம் என்று தோன்றும். பேனிக் அட்டாக் என்பார்கள். பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்ப் பிறகு இறங்கிவிடும், பார்க்கிறவர்களுக்கு மட்டும் காத்துக் கருப்பு அடித்த மாதிரி இருக்கும். எங்கள் ஊரில் உடனே கயிறு கட்டக் கூட்டிப்போவார்கள். கட்டட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியே கிளினிக்குக்கும் கூட்டிப்போகட்டும்.

பர்ன் அவுட் என்ற சொல் இப்போது எல்லாரும் சொல்கிற சொல்லாகிவிட்டது. அதை 1974-ல் எழுதி வைத்தவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், நியூயார்க்கில் ஓர் இலவசக் கிளினிக்கில் வேலை பார்த்தவர்களையும் தன்னையும் பார்த்துத்தான் எழுதினார். பின்னால் கிறிஸ்டினா மஸ்லாக் என்பவர் அதை மூன்றாகப் பிரித்தார்: உள்ளே இருந்ததெல்லாம் வற்றிப்போன களைப்பு, மனிதர்களைப் பொருளாகப் பார்க்கிற மரத்துப்போன தன்மை, "நான் என்ன செய்து என்ன ஆகப்போகிறது" என்ற எண்ணம். உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் இதை நோய் என்று சொல்லாமல், சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வருகிற நிலை என்று வகைப்படுத்தியது. எனக்கு அந்த நடுவில் உள்ளதுதான் முக்கியமாகப் படுகிறது. முதல் செமஸ்டரில் ஒரு பிள்ளை "ஆண்டி, எங்க வார்டுல ஒரு பாட்டி இருக்காங்க, என் கையப் பிடிச்சிட்டு விடவே மாட்டாங்க" என்று சொல்லும். ஐந்தாம் செமஸ்டரில் அதே பிள்ளை "பெட் சிக்ஸ் ஒரே தொல்லை" என்கிறது. பாட்டி எப்போது கட்டில் எண்ணாக மாறினார் என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது. கெட்ட பிள்ளையும் இல்லை. உள்ளே காலியாகிவிட்டது, அவ்வளவுதான்.

அதே 1974-ல் மார்லின் கிராமர் என்ற தாதிமை ஆய்வாளர் "ரியாலிட்டி ஷாக்" என்று ஒன்றைப் பற்றி எழுதினார். படிப்பு முடித்து வேலைக்கு வந்த புதுத் தாதிகளைப் பற்றி எழுதியதுதான், ஆனால் முதல் போஸ்டிங்கிலேயே (வார்டுப் பயிற்சி) நம் பிள்ளைகளிடம் அதைப் பார்க்கலாம். கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது ஒரு நோயாளிக்கு இருபது நிமிடம், வார்டில் கிடைப்பது நாலு நிமிடம். இரண்டில் எது பொய் என்று பிள்ளை குழம்பிப்போகும்.

மற்றவர்கள் வலியைப் பார்த்துப் பார்த்துப் பரிவே தீர்ந்துபோவதைப் பரிவுக் களைப்பு என்று சொல்லலாம். கார்லா ஜாய்ன்சன் என்ற தாதி 1992-ல் இதைப் பற்றி எழுதினார். பர்ன் அவுட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி, ஆரம்பத்தில் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

மனச்சோர்வுதான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டியது, ஏனென்றால் இது நோய், இதற்கு வைத்தியம் உண்டு. இரண்டு வாரத்துக்கு, ஏறக்குறைய தினமும், நாளில் பெரும்பாலான நேரம் மனசு கீழே கிடப்பது, அல்லது பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது. இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதோடு தூக்கம் கெடுவது (வராமல் போவதும் உண்டு, எந்நேரமும் தூங்குவதும் உண்டு), பசி மாறுவது, களைப்பு, படிப்பில் மனசு நிற்காதது, அசைவே மெதுவாகிப்போவது அல்லது ஓர் இடத்தில் உட்கார முடியாதது, எல்லாம் என் தப்பு என்ற நினைப்பு, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம். இந்த ஒன்பதில் குறைந்தது ஐந்து சேர்ந்திருந்தால் டாக்டர்கள் மனச்சோர்வு என்பார்கள். அழுதுகொண்டே இருந்தால்தான் மனச்சோர்வு என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்த மோசமான கேஸ்களில் பிள்ளைக்கு அழுகையே வராது. தலை சீவாது, துணி மடிக்காது, கூப்பிட்டால் "ம்" என்று மட்டும் சொல்லும். வீட்டில் அதற்கு வைத்திருக்கிற பெயர் சோம்பேறி.

மற்ற படிப்பில் இல்லாத எது இதில் இருக்கிறது?

எல்லா மாணவர்களுக்கும்தான் கஷ்டம், இவர்களுக்கு மட்டும் என்ன என்று கேட்பார்கள். 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, பல நாடுகளில் தாதிமை மாணவர்களிடம் எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்து, ஏறக்குறைய 34 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்ததாகச் சொன்னது. நம் நாட்டில் 2023-ல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு என்று வந்தது, 2019-ல் அது 2.3 விழுக்காடு. இந்த இரண்டு ஆய்வையும் நேருக்கு நேர் வைத்துக் கழித்துப் பார்க்கக் கூடாது, கேட்ட கேள்விகளும் அளவுகோலும் வேறு, கேள்வித்தாளில் அறிகுறி தெரிவதும் டாக்டர் நோய் என்று சொல்வதும் ஒன்றில்லை. ஆனாலும் மூன்றில் ஒரு பிள்ளை என்பது கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகிற கணக்கா?

தூக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் வீடுகளில் சண்டையே இதில்தான் வருகிறது. பின் வீட்டு அக்கா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மகள் லீவுக்கு வந்து மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் தூங்கினால், "நானும்தான் நாலரை மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) போனேன், எனக்கு என்ன ஆயிடுச்சு?" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஒன்றைத் தவிர. அவர் முப்பது வருடமும் அதே நாலரைக்குத்தான் எழுந்தார். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது மணி சரிபார்த்துக்கொள்கிறது, இருட்டியதும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து தூக்கத்துக்குத் தயார் செய்கிறது. தினமும் ஒரே நேரம் என்றால் அது எவ்வளவு சீக்கிரமானாலும் பழகிக்கொள்ளும். மகளுக்கு அப்படியா? நம் அரசு மருத்துவமனை வார்டுகளில் வழக்கமான ஷிப்ட் காலை 7 முதல் 2, மத்தியானம் 2 முதல் இரவு 9, இரவு 9 முதல் மறுநாள் காலை 7. இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று. கடிகாரம் ஒரு பக்கம் திரும்பி முடிப்பதற்குள் மறு பக்கம் திருப்பிவிடுகிறார்கள். விடியற்காலை மூன்று நாலு மணிக்கு மனிதனுக்கு விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும், அந்த நேரத்தில்தான் மருந்து அளவைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். பகலில் தூங்குகிற தூக்கம் நீளமும் குறைவு, ஆழமும் குறைவு. தூக்கம் கெட்டால் மனசு கெடும், மனசு கெட்டால் தூக்கம் இன்னும் கெடும், எது முதலில் வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சாவு. பதினெட்டு பத்தொன்பது வயதில் மற்ற பிள்ளைகள் சாவைப் பார்ப்பது தாத்தா பாட்டி வீட்டில், சொந்தக்காரர்கள் சுற்றியிருக்க, அழுவதற்கு ஆள் இருக்க. என் முதல் சாவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டாம் வருடம், ஆண்கள் வார்டு, மத்தியான ஷிப்ட். எழுபது வயதுத் தாத்தா, நுரையீரலில் தண்ணீர். மூன்று நாளாக நான்தான் முகம் துடைத்துவிட்டேன், "சாப்டியாம்மா?" என்று அவர்தான் என்னைக் கேட்பார். நாலு மணிக்குப் போய்விட்டார். லாஸ்ட் ஆபீஸ் (இறந்தவர் உடம்புக்குச் செய்கிற கடைசிப் பணி) செய்யணும், கூட வா என்று சீனியர் ஒருவர் கூப்பிட்டார். கண்ணை மூடி, தாடையைக் கட்டி, டியூபை எடுத்து, உடம்பைத் துடைத்து, பெயர்ச்சீட்டைக் கட்டி, வெள்ளைத் துணியில் சுற்ற வேண்டும். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம். வலது கையைத் துடைக்கும்போது பார்த்தேன், நகக்கண்ணெல்லாம் பால் ஏறிக் கறுத்து, விரலில் கத்தி பிடித்த காய்ப்பு. எங்கள் அப்பா கை அப்படியே.

அப்போது ஒன்றும் ஆகவில்லை. வேலையை முடித்தேன், கை கழுவினேன், டெம்பரேச்சர் ரவுண்டு போனேன், கேன்டீனில் மீ கோரேங் சாப்பிட்டேன், நான் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து வீட்டுக்குப் போனபோது அப்பா வாசல் பெஞ்சில் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கையைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தவள் சாயங்காலம் வரைக்கும் நிறுத்தவில்லை, அம்மா பயந்துபோய் விபூதி பூசிவிட்டார். வார்டில் அன்றைக்கு யாராவது ஐந்து நிமிடம் உட்காரவைத்து "முதல் தடவையா? எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தால் போதும். அப்படி உட்கார்ந்து பேசுவதற்கு டீபிரீஃபிங் என்று பெயர் வைத்துச் சில இடங்களில் இப்போது செய்கிறார்கள். செய்யாத இடத்தில் மாணவிகளே ஒருத்திக்கு ஒருத்தி செய்துகொள்ளலாம், அனுமதி வாங்க வேண்டிய காரியம் இல்லை.

அப்புறம் திட்டு. மாணவியாக இருந்தபோது எங்கோ ஒரு வார்டில், பருமனான ஒரு அம்மாவுக்கு பிரெஷர் எடுக்கும்போது எனக்குச் சத்தம் கேட்கவில்லை. சிஸ்டர் (வார்டுத் தலைமைத் தாதி) அந்த அம்மாவின் கட்டிலுக்கு முன்னாலேயே நின்று, "எஸ்.பி.எம்.மில் (ஐந்தாம் படிவத் தேர்வு) எத்தனை கிரெடிட் வாங்கினே?" என்று கேட்டார். பெரிய பட்டை வைத்துக் கட்ட வேண்டும் என்று அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுக்கவில்லை, அதை நானாகப் பிறகு படித்தேன். கிரெடிட் கேள்வி மட்டும் முப்பது வருடமாக மனசில் நிற்கிறது. வெட்கத்தோடு சொல்கிறேன், பின்னாளில் நானும் ஒரு பிள்ளையை நோயாளி முன்னால் அப்படிப் பேசியிருக்கிறேன், அன்றைக்கு வார்டில் ஆள் இல்லை, எனக்குத் தலைவலி, அதெல்லாம் காரணமே இல்லை. பயந்த பிள்ளை தப்பை மறைக்கும். மருந்து விஷயத்தில் மறைத்த தப்புதான் ஆளைக் கொல்லும்.

மொழிச்சுமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்து, கல்லூரிக்கு வந்தால் பாடம் ஆங்கிலம், பாஸ் ஓவர் (ஷிப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைப்பது) பாதி ஆங்கிலம் பாதி மலாய், கட்டிலில் இருக்கிற சீனப் பாட்டிக்கு கான்டனீஸ் மட்டும்தான் தெரியும். பிள்ளை யோசிப்பது தமிழில். சொல்லத் தெரியாததால் மெதுவாகச் சொல்கிறது, மெதுவாகச் சொல்வதால் மக்கு என்று பெயர் வாங்குகிறது.

கடைசியாகப் பணமும் பெயரும். மூன்று வருட டிப்ளோமா, தனியார் கல்லூரி என்றால் பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடன், அது முடிந்து தாதியர் வாரியத் தேர்வு. 1950-ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி பதிவு செய்யாமல் பதிவு பெற்ற தாதி என்று சொல்லிக்கொள்ள முடியாது, ஆகவே அந்த ஒரு பரீட்சையில்தான் எல்லாம் தொங்குகிறது. ஊரில் அதற்குள் "மிஸி அம்மா" என்று தாயைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். கோயில் திருவிழாவில் தெரிந்தவர் ஒருவர் கையை நீட்டி சுகர் எப்படி என்று பார்க்கச் சொல்வார். இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவரவில்லை என்று சொல்ல நினைக்கிற பிள்ளை எந்த வாயால் சொல்லும்? ஆண்பிள்ளைகள் பாடு இன்னும் மோசம், "பொம்பளப் படிப்பு" என்று கேலி பண்ணுவதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும், அழவும் கூடாது.

அளந்து பார்ப்பது எப்படி

தினமும் நூறு பேருக்கு பிரெஷர் பார்க்கிற பிள்ளைக்குத் தன்னை அளந்து பார்க்கத் தோன்றாது. பி.எச்.கியூ.-9 என்ற கேள்வித்தாள் உண்டு, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் டாக்டரையோ கவுன்செலரையோ பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி செத்துப்போவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியது, அதில் ஒரு புள்ளி வந்தாலும் மற்றக் கணக்கைப் பார்க்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் டாஸ்-21 என்ற இன்னொன்றையும் அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள், மலாயிலும் இருக்கிறது, 21 கேள்வியில் மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். நான் மேலே பிரித்துச் சொன்னதைத்தான் அது எண்ணில் பிரிக்கிறது. இரண்டுமே தெர்மாமீட்டர் மாதிரி. சூடு இருக்கிறதா என்று சொல்லும், டிங்கியா என்று சொல்லாது.

என்ன செய்வது

வெறும் தூக்கக் கேடும் அழுத்தமும் என்றால் வீட்டிலேயே பாதியைச் சரிசெய்யலாம். நைட் முடித்து வந்த பிள்ளை தூங்குகிற அறை இருட்டாக இருக்க வேண்டும். பின் வீட்டு அக்காவிடம் நான் கடிகாரக் கதையைச் சொன்னபோது ஒன்றும் பேசாமல் கேட்டார், மறுநாள் பார்த்தால் மகள் அறை ஜன்னலில் இரண்டு கைலியை மடித்து ஆணியடித்து மாட்டியிருந்தார், கிரைண்டரும் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. வார்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) குடிக்கக் கூடாது, காப்பியின் வேகம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகும்.

பேச வேண்டும் என்றால் கல்லூரியில் கவுன்செலர் இருந்தால் அவர், இல்லையென்றால் வெளியில். 1998-ஆம் ஆண்டு கவுன்செலர் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவரா என்று தாராளமாகக் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். நீங்கள் சொல்வதை அவர் லெக்சரரிடம் போய்ச் சொல்லக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் அந்த விதி தளரும்.

மனச்சோர்வு என்று டாக்டர் சொன்னால் பேச்சு வழி சிகிச்சையும் உண்டு, மாத்திரையும் உண்டு, இரண்டும் சேர்த்தும் தருவார்கள். மாத்திரை போட்ட மறுநாளே மனசு லேசாகும் என்று எதிர்பார்த்து, ஒரு வாரத்தில் "ஒன்னும் ஆவல" என்று நிறுத்துகிறவர்கள் அதிகம். அது வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், முதல் சில நாள் குமட்டல் இருக்கலாம், நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்லித்தான் மெதுவாக நிறுத்த வேண்டும். தூக்க மாத்திரை என்று நினைத்துப் பயப்படுகிறார்கள், அது வேறு, இது வேறு.

பயத்துக்கு இன்னொரு பெயரும் உண்டு, எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ரயில் போகிற வழியில் தஞ்சோங் ரம்புத்தான் வரும். 1911-ல் ஆரம்பித்த மனநல மருத்துவமனை, ஹோஸ்பிட்டல் பஹாகியா, அந்தப் பக்கம்தான். கொஞ்சம் கிறுக்குத்தனமாக யாராவது பேசினால் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு டிக்கெட் எடுத்துடு" என்று கேலி பண்ணி வளர்ந்தவர்கள் நாங்கள். வாரா வாரம் அந்த வழியாக ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளை, தனக்கே மனசு சரியில்லை என்று எப்படி வாய் திறக்கும்? உண்மையில் மனச்சோர்வுக்கு முதலில் போக வேண்டிய இடம் அதுவே இல்லை. சாதாரண கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதாரக் கிளினிக்) போதும், குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), தேவைப்பட்டால் அவர்கள் மேலே அனுப்புவார்கள்.

உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆவதில்லை, கேட்டதும் பாதிப் பாரம் இறங்கியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். "தூங்கி எழுந்திருக்காமலே போயிட்டா நல்லதுன்னு தோணுதாம்மா?" என்று கேட்டால் போதும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரை டப்பாவை எடுத்து வைத்துவிடுங்கள், அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தற்கொலைக்கு முயல்வது தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவின்படி முன்பு குற்றம், போலீஸ் வருமோ என்று வீடுகளில் மறைத்தார்கள். 2023-ல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள், இனி அந்தப் பயம் வேண்டாம். ராத்திரி நேரத்தில் பேச ஆள் வேண்டும் என்றால் உதவித் தொலைபேசி எண்கள் உண்டு: பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, தாலியான் காசே 15999, இரண்டும் 24 மணி நேரமும் உண்டு. சுகாதார அமைச்சின் மனநல எண் 15555.

கிளினிக்கில் கடைசி இடைஞ்சல் கவுண்டர். நம்பர் எடுத்துக்கொண்டு போனால் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவராக இருப்பார், பின்னால் வரிசையில் நிற்பது அத்தை. "என்ன நோய்?" என்று சத்தமாகக் கேட்பார். மனசைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. "சுடா துவா மிங்கு தா போலே தீடோர், நாக் ஜும்பா டோக்தோர்" (இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும்) என்று சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை. மீதியை உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகு சொல்லலாம். பின் வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் வாயில் வரவில்லை, ஊரிலும் வேண்டாம் என்றது, ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் உள்ள கிளினிக்குக்குத்தான் போனது. போகிறபோது அந்த வரியை லாக் புக்கின் பின்னட்டையில் என்னை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனது.